ஜகரண்டா மரத்தடி மேசை

மார்ச் 29, ஞாயிறு

நித்திலா காலையில் ஒரு படம் அனுப்பினாள். மரத்தடியில் நீள மேசை. கசங்கிய துணி. ஒன்றோடொன்று சேராத தட்டுகள். ஊறுகாய் பாட்டில்களில் வேலியோரப் பூக்கள். நாற்காலிகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் கிடந்தன. விருந்து முடிந்து, எடுத்து வைக்க ஆளில்லாத இடம் என்று நினைத்தேன். விருந்தே இனிமேல்தானாம்.

சற்று நேரத்தில் போனில் வந்தாள். "இதே மாதிரி வேணும்ப்பா. நம்ம தோட்டத்துல. ரிலாக்ஸ்டா இருக்கணும்."

"நாற்காலிய நேரா போட்டா யாருக்கு மூச்சு முட்டும்?"

"உங்களப் பாத்தாலே முட்டும். நீங்க ஒரு பக்கம் வெறப்பா நிப்பீங்க. மேசையும் வெறப்பா நின்னா வர்றவங்க பயந்துக்குவாங்க."

வருகிறவர்கள், அவள் கட்டிக்கொள்ள விரும்பும் கௌதமனும் அவன் பெற்றோரும். நாமக்கல்லில் கோழிப் பண்ணை. அப்பா பெயர் மாரப்பன். ஏப்ரல் பத்தொன்பது மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் மனசு ஒப்பாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மாரப்பன் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். பெண்ணின் தாய்மாமன் பந்தியில் உட்கார வேண்டும். அவர் சாப்பிட்டால்தான் தாங்களும் கை நனைப்பார்களாம்.

முறையான கோரிக்கைதான். ஆனால் அந்தத் தாய்மாமன் தனபால்.

தனபால் என் வாசலை மிதிப்பதை என்னால் ஏற்க முடியாது என்றேன். "வாசல மிதிக்க வேண்டாம். பக்கவாட்டு கேட் வழியா நேரா தோட்டத்துக்கு வந்துருவாரு" என்றாள். வெளியில் மேசை எதற்கு என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. அது அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

ஏப்ரல் 1, புதன்

கல்லூரி ஏலத்தில் எடுத்த இரண்டு பயிற்சி மேசைகளை வெளியே இழுத்துப் போட்டேன். சேலத்தில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் மேசை அமைப்பும் பரிமாறும் முறையும் கற்பித்தவன் நான். என்னிடம் நாப்கின் மடிக்கக் கற்றவனையே எனக்கு முதல்வராக்கினார்கள். மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஏற்காட்டுக்கு வந்துவிட்டேன். அவன் இன்றும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறான். நான் திறப்பதில்லை.

ஜகரண்டாவின் அடியில் தரை சரிவு. ஒரு காலுக்குக் கீழே ஓட்டுத் துண்டு வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் இன்னொரு கால் ஆடுகிறது. இப்படியே மதியம் போயிற்று. மேலிருந்து ஊதாப் பூக்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. பெருக்கிவிட்டு வந்தால் மறுபடியும். பெருக்கக் கூடாது, படத்தில் பூ கிடக்கிறது என்று நித்திலா போனில் அதட்டினாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நித்திலா சென்னையிலிருந்து வந்து, மாலையே திரும்பிவிட்டாள்.

நான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்திருந்த வெள்ளை மேசைத்துணியை வாளித் தண்ணீரில் முக்கி, முறுக்கிப் பிழிந்து, அப்படியே கொடியில் போட்டாள்.

"கசங்கல்தான்ப்பா அழகு."

"அப்ப நான் இஸ்திரி போட்டது?"

"அது ஹோட்டல். இது வீடு."

பிறகு உட்காரும் இடம். ஒரு பக்கம் கௌதமன், அவன் அப்பா, அம்மா. எதிர்ப்பக்கம் நித்திலா, அவள் அம்மா, தனபால். "உங்களுக்கு?" என்று கேட்டாள். பரிமாறுகிறவனுக்கு நாற்காலி எதற்கு என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவோட பேசுவீங்களா?"

"சாம்பார் வேணுமான்னு கேப்பேன்."

"சிரிப்பு காட்டாதீங்கப்பா. எனக்கு இது முடியணும். அன்னிக்கு மட்டும் உங்க கோவத்த உள்ள வெச்சுப் பூட்டிருங்க. உங்ககிட்ட வேற எதுவுமே கேக்கல."

என் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. தனபால் சேலத்தில் மாம்பழ மண்டி வைத்திருக்கிறார். அவர் புது வீடு கட்டிக் குடிபோன அன்று முதல் பந்தி உட்கார்ந்தது. வீட்டு மாப்பிள்ளை நான், பந்தலின் வாசலில் நிற்கிறேன். லாரிக்காரர்களை, தரகர்களை, பக்கத்து வீட்டு வாத்தியாரையெல்லாம் தோளைத் தொட்டு அழைக்கிறார். என்னை அழைக்கவில்லை. 'சாப்பிட வாங்க' என்று ஒரு வார்த்தை இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். என் மனைவி பூங்கோதை சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கட்டினவன் வாசலில் நிற்கிறான், அவள் அப்பளத்தை நொறுக்குகிறாள். கிளம்பி வந்துவிட்டேன்.

அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் விளக்கத் தேவையில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

துணியைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் தொங்குகிறது. இப்போது நன்றாகக் கசங்கியிருக்கும்.

ஏப்ரல் 9, வியாழன்

மழை. காப்பிச் செடிகள் இதற்காகத்தான் காத்திருந்தன. இந்த மழைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாளில் மொட்டுகள் மொத்தமாக வெடிக்கும். மலையே வெள்ளையாகும். இரண்டொரு நாள்தான், பிறகு பழுப்பேறி உதிர்ந்துவிடும். நித்திலாவுக்கு மேசையில் காப்பிப் பூ வேண்டுமாம். மழை பெய்ததைச் சொன்னேன். "சரியா அன்னிக்குப் பூக்கணும்னு சொல்லி வைங்கப்பா" என்கிறாள். மரம் மட்டையாவது என் பேச்சைக் கேட்கும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

சமையலுக்கு, ஒண்டிக்கடைப் பக்கம் குடியிருக்கும் பழனியம்மாளிடம் சொல்லியாயிற்று. "சம்சாரமும் வர்றாங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப பருப்பு ரெண்டு விசில் கூட வெக்கறேன், அவங்களுக்கு மசியணும்" என்றார். நாங்கள் சேலத்தில் இருந்த காலத்தில் எப்போதோ ஒருமுறை கோடையில் இங்கே வந்து தங்கியவளின் பருப்புக்கணக்கு இவருக்கு நினைவிருக்கிறது. எனக்கும் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஒத்திகை பார்த்தேன். சேலம் கடைவீதியில் வாங்கிய புதுத் துணி, குரங்கு வராத நேரமாகப் பார்த்து விரித்தேன். காற்றுக்குத் துணியின் நான்கு மூலையிலும் கூழாங்கல் கட்டித் தொங்கவிட்டேன். இது நன்றாகவே அமைந்தது. பாட்டில்களில் பெரணியும் மஞ்சள் காட்டுப்பூவும் வைத்தேன். ஒரே உயரத்தில் வைத்துவிட்டு, பிறகு வேண்டுமென்றே ஒன்றிரண்டைக் கலைத்தேன். கலைத்ததும் ஒரு ஒழுங்கோடுதான் கலைந்திருந்தது. மறுபடி கலைத்தேன். இத்தனை வருஷத்துக் கை, சொன்னால் கேட்கவில்லை.

எதிர்ப்பக்க நடு நாற்காலியை நாலைந்து தடவை மாற்றிப் போட்டேன். பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று அந்த இடத்தில் நேராகக் கழுத்தில் அடிக்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் மரத்தின் மறைப்பு, மதிய வெயிலும் முதுகில் விழும். வெயில் பட்டால் துணியின் நிறம் படத்தில் எடுப்பாக வரும். அதற்காகத்தான்.

சுக்கு வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க் எடுத்துக் கழுவி வைத்தேன். குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது இருப்பார்கள்.

பூங்கோதை இப்போது அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளாகத்தான் போனாள். அதற்கு முன் நடந்ததையும் எழுதிவைக்க வேண்டும், நாளை யாராவது மாற்றிச் சொல்லக் கூடாது. அந்தப் புதுமனை விருந்துக்குப் பிறகு நான் கல்லூரி காண்டீனில் சாப்பிட ஆரம்பித்தேன். அது என் உரிமை. அவள் தினமும் ராத்திரி அடுக்களையிலிருந்து "சாப்பிட வாங்க" என்பாள். நான் சாப்பிட்டாயிற்று என்பேன். பொய் இல்லை, சாப்பிட்டிருப்பேன். அந்த மழைக்காலம் முழுவதும் இப்படிப் போயிற்று. பொங்கல் வந்தது, போயிற்று. ஒரு நாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இதைத்தான் நான் சொல்கிறேன், அந்தக் குடும்பத்துக்கே பொறுமை கிடையாது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. ஒரு ஆளுக்கு எதற்கு வடை பாயசம். தயிர்ச் சோறு.

நித்திலா பண்டிகைக்குச் சேலத்தில் அம்மாவிடம் வந்திருக்கிறாள். வாழ்த்துச் சொல்ல அழைத்தபோது பின்னால் பூங்கோதையின் குரல் கேட்டது. "அங்க குளுருமான்னு கேளு." குளிராது என்று சொல்லச் சொன்னேன். பிறகு, சால்வை எடுத்துக்கொண்டு வந்தால் நல்லது என்றும் சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 16, வியாழன்

மொட்டுகள் அரிசி மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். இடையிலும் போனேன்.

ஏப்ரல் 18, சனி

பூத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் மல்லிகைக் கூடையில் தலையை விட்டது போல வாசனை. சரிவு முழுக்கச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை.

நித்திலா மதியம் வந்தாள். தட்டு வேண்டாம், வாழை இலை போடலாம் என்று கடைசி நேரத்தில் மாற்றினாள். பச்சை இலை, வெள்ளைத் துணி, மேலே ஊதாப் பூ. நான் மறுக்கவில்லை. உண்மையில் நல்ல யோசனை. படத்தை அவளே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று கண்டுபிடித்திருக்கிறாள். அந்தப் பாராட்டை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

"அப்பா, நாளைக்கு…" என்று ஆரம்பித்தாள்.

"பூட்டிருவேன்" என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு மேசை தயார். தலைமாட்டில் நின்று பார்த்து, இரண்டு பக்கத்து இலைகளையும் ஒரே திசையில் நுனி போகும்படி அடுக்கினேன். பள்ளத்தாக்கிலிருந்து மரத்தை நோக்கிப் பச்சை ஓடுவது மாதிரி. ஒவ்வொரு இலையிலும் ஒரு கொத்துக் காப்பிப் பூ. பாட்டில்கள் கோணலாக, துணி கசங்கலாக, நாற்காலிகள் சற்றே திரும்பி. நித்திலா வாயில் கை வைத்தாள். "செமப்பா! நீங்களா செஞ்சீங்க?" போனை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். என் வாழ்நாளில் நான் போட்ட மேசைகளில் இதுதான் சிறந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

மாரப்பன் குடும்பம் முதலில் வந்தது. அவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, "இதுக்குக் கீழ உக்காந்தா பொரியல்ல பூ விழுமுங்களே" என்றார். "விழட்டுமுங்க, கூட ஒரு காய்" என்றாள் அவர் மனைவி கலாவதி. நல்ல மனிதர்கள். கௌதமன் நாற்காலியைச் சரியாகத் திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பிறகு பக்கவாட்டு கேட். தனபால் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க" என்றேன், யாரையும் பார்க்காமல். பின்னால் பூங்கோதை. சாம்பல் நிறச் சால்வை. நேராக நடு நாற்காலியில் போய் உட்கார்ந்து, தலையைச் சற்றுத் திருப்பி, காற்று வரும் பக்கத்தையும் மரத்தையும் பார்த்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் உப்பு வைக்கக் கிண்ணத்தை எடுத்தேன். தனபால் இலையில் தண்ணீர் தெளிக்கப் போனவர், கையை அப்படியே பின்னுக்கு இழுத்தார்.

"மாப்ள" என்றார் மெதுவாக. "யாருக்குக் கருமாதி?"

அப்போதுதான் பார்த்தேன். மாரப்பன் பக்கத்து இலைகளுக்கு நுனி அவரவர் இடக்கைப் பக்கம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அதே நுனி வலப்பக்கம். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக் காரியத்தில்தான் இலையை அப்படிப் போடுவார்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு பக்கமாக வரிசையாக உட்காருவார்கள், தவறு வராது. எதிரும் புதிருமாக உட்காரும் மேசையில் நான் இலை போட்டதே இல்லை. முள்ளும் கரண்டியும்தான் போட்டிருக்கிறேன். அழகுக்காகத் தலைமாட்டில் நின்று பார்த்தேனே தவிர, உட்காருகிறவன் இடத்திலிருந்து பார்க்கவில்லை.

இதை அங்கே எப்படிச் சொல்வது? "அது… ஒரே திசையில இருந்தா பாக்க…" என்று ஆரம்பித்தேன்.

"பாக்க நல்லாத்தான் இருக்குது" என்று தனபால் எழுந்தார். "ஊருக்கே பந்தி போடச் சொல்லிக் குடுத்தவரு. தெரியாமப் போட்டாருன்னு நான் நம்பணும். தங்கச்சிக்கும், கட்டிக்கப்போற புள்ளைக்கும் சேத்து தலகீழா போட்டிருக்கறாரு."

நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மாரப்பன் தன் இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபமாக இல்லை. "தாய்மாமன் நிக்கறப்போ நாங்க எப்படிங்க" என்றார். கலாவதி முந்தானையைச் சரிசெய்தாள். கௌதமன் நித்திலாவைப் பார்த்தான். நித்திலா யாரையும் பார்க்கவில்லை. தன் இலையில் இருந்த காப்பிப் பூவை எடுத்து, ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டை விட்டுப் போன அன்றும் இவள், பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு பழைய பஸ் டிக்கெட் ஒன்றை இப்படித்தான் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றிப் போனேன். முதலில் நித்திலாவின் இலை. இரண்டு கையாலும் பிடித்து அரைவட்டமாகத் திருப்பினேன். பிறகு தனபாலின் இலை. திருப்பி, பூவை எடுத்து நேராக வைத்தேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு அருகில் அவரைப் பார்த்து வெகு காலம் ஆகிறது. மாம்பழ வாசனை அடித்தது.

"மச்சான், உக்காருங்க. சாப்பிடுங்க."

"காத்து அடிக்குது மாப்ள. இன்னொருக்காச் சொல்லுங்க."

நன்றாகவே கேட்டிருந்தது அவருக்கு. அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுதான் கால் சொன்னது. நித்திலாவின் விரல் பூவில் நின்றிருந்தது.

"சாப்பிட உக்காருங்க மச்சான்" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. சமையலறை ஜன்னலில் பழனியம்மாள் தலை நீட்டிப் பார்த்தார்.

தனபால் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்தார். "அன்னிக்கு நான் கூப்பிடலைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க" என்றார், இலையைத் துடைத்துக்கொண்டே. "தேடுனேன் மாப்ள. வந்தவங்கள உக்கார வெச்சுட்டு, வீட்டு ஆளு நாம சேந்து உக்காரலாம்னு தேடுனேன். உங்க செருப்பக் காணோம்."

முதல் பந்திக்கே கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அது இன்றும் மாறவில்லை. ஆனால் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் முதல் வாய் எடுத்து வைத்தார். மாரப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இருவரும் கை நனைத்தார்கள். நித்திலா குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மேலிருந்து பூத்தூள் விழுந்ததாக கௌதமனிடம் சொன்னாள்.

மிச்சம் பூங்கோதையின் இலை. திருப்பப் போனேன். அவள் இலையின் மேல் கை வைத்தாள்.

"விடுங்க. நானே திருப்பிக்குவேன்."

திருப்பவும் இல்லை. இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு ஆளா இத்தன பேருக்குப் பரிமாற முடியாது. நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்" என்று பொரியல் பாத்திரத்தை எடுத்தாள். எனக்குப் புரிந்தது. என் வீட்டில் கை நனைக்க அவளுக்கு மனமில்லை. அண்ணனுக்கு ஒரு வார்த்தை போதுமானதாக இருக்கலாம், அவளுக்குப் போதாது. சரி. நான் சாம்பார் வாளியோடு ஒரு பக்கம் போனேன், அவள் மறுபக்கம். மேசையின் கோடியில் சந்திக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் வழி விட்டோம்.

சாப்பாடு நீண்டது. மாரப்பன் கோழிக்கு வரும் நோய்களைப் பற்றிப் பேசினார். தனபால் மல்கோவாவை மேசையிலேயே அறுத்தார், சாறு புதுத் துணியில் வழிந்தது. யாரோ ஒரு பாட்டிலைத் தட்டிவிட்டார்கள். நாற்காலிகள் எல்லாம் எங்கெங்கோ போயிருந்தன. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று கலாவதி சொன்னபோது குரங்கு வந்து ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு காப்பிப் பூவைக் காட்டுகிறேன் என்று நித்திலா எல்லோரையும் சரிவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். நான் எச்சில் இலைகளை எடுத்துக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, குழாயடியில் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழனியம்மாள் தேய்க்கிறேன் என்றார். நானே தேய்க்கிறேன் என்றேன். பூங்கோதையும் அவர்களோடு சரிவுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன். சுக்கு வெந்நீர் பாதி காலியாகியிருந்தது.

வாளி பளபளத்த பிறகும் தேய்த்தேன்.

மரத்தடியிலிருந்து குரல் கேட்டது. நிமிர்ந்தேன். மாம்பழச் சாறு வழிந்த துணியின் ஓரத்தில் இடம் துடைத்து, இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தாள். ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. அவள் முன்னால் அந்தச் சுருட்டிய இலை விரிந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு புது இலை. இரண்டுக்கும் நுனி இடப்பக்கம். சோறு வைத்து, மசிந்த பருப்பும் வைத்திருந்தாள். தன் இலையில் அவள் இன்னும் கை வைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் வாளியத் தேய்ப்பீங்க?" என்றாள். "சாப்பிட வாங்க."

கையைக் கழுவிக்கொண்டு போனேன்.